நாப்பது பெட்டி ஒலிவ் ஒயில்

தியாகலிங்கம் அண்ணையைப் பற்றி ஆர் கதைச்சாலும் முதல் சொல்லுறது "நேர்மையான மனிசன்" எண்டுதான். கோயில்ல கேட்டாலும் அதுதான், தமிழ்ச்சங்கத்தில கேட்டாலும் அதுதான். நேர்மையாம்! அவரோட ஒரே அறையில ரெண்டு வருசத்துக்கு மேல முகத்துக்கு முகம் இருந்து வேலை செய்தவள் நான். அந்த நேர்மை என்னைப் படுத்தின பாடு எனக்குத்தான் தெரியும். அதால இண்டைக்கு நான் சொல்லுறன், நீங்கள் கேளுங்கோ. குறுக்க கதைக்காதேங்கோ.

என்ர பேர் றோஸ்மேரி. சொந்த இடம் மன்னார். இஞ்ச நியூசிலாந்தில, ஒக்லண்டு ஒனிஹங்காவில நீல்சன் ஸ்ரீட்டுக்குப் பின்னால ஒரு பழைய குடோனைத் தடுத்து ஒஃபிசாக்கி, ஒரு வைன் கிளப் நடந்தது. கடை கிடையாது. ஆக்கள் ரெலிபோன்ல ஓடர் குடுப்பினம், இல்லாட்டி பேப்பரில வாற கூப்பனை நிரப்பி அனுப்புவினம். நாங்கள் பெட்டியில அடைச்சுக் கூரியரில வீட்டு வாசலுக்கே அனுப்புவம். ஓடர் எடுக்கிறதும் நான், லேபிள் ரைப் அடிக்கிறதும் நான். முதலாளி கிரெய்க். நல்லாச் சிரிச்சுக் கதைப்பான், ஒரு கடிதத்தையும் முழுசா வாசிக்க மாட்டான்.

அங்க 95இல வந்து சேந்தார் தியாகலிங்கம் அண்ணை. அப்ப அவருக்கு ஐம்பத்திரண்டு வயசு. யாழ்ப்பாணத்தில மதுவரித் திணைக்களத்தில இருபத்திரண்டு வருசம் இன்ஸ்பெக்டர். கசிப்புக் காய்ச்சுறவனைத் துரத்திப் பிடிக்கிறதும் கள்ளு விக்கிற தவறணைக்காரன்ர லைசென்ஸைப் பாக்கிறதும்தான் தொழில். அவ்வளவு காலமும் சாராயத்துக்கு நடுவில நிண்ட மனிசன் ஒரு துளி நாக்கில வைச்சதில்லையாம். நான் நம்பேல்ல. முதல் கிறிஸ்மஸ் பார்ட்டியில கிரெய்க் ஒரு கிளாஸை நீட்ட, அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "பன்னிரண்டரை வீதம், சேர்" எண்டிட்டு மேசையில வைச்சிட்டார். போத்திலைத் திருப்பிப் பாத்தா பன்னிரண்டரைதான். அதுக்குப் பிறகு நம்பினன்.

இந்த நாட்டுக்கு அவர் வந்த கதையே ஒரு கூத்து. 93இல சிங்கப்பூர் வழியா, வேற ஆரோ ஒரு ஆளின்ர பாஸ்போட்டில வந்தவர். எங்கட சனம் எத்தினை பேர் அப்பிடித்தான் வந்தது, அதில ஒரு வெக்கமும் இல்லை. ஆனா மற்றவை கேட்டாப் பிறகு சொல்லுவினம். இவர் ஒக்லண்டு மாங்கரே எயார்ப்போட்டில லைனில நிண்டு, தன்ர முறை வந்த உடன, "சேர், இந்தப் பாஸ்போட் என்னுடையதல்ல" எண்டிருக்கிறார். ஒஃபிசர் அந்தப் பாஸ்போட்டை இன்னும் கையில வாங்கவேயில்லையாம். ரெண்டு வருசம் இழுபட்டு, அகதி எண்டு ஏத்துக்கொண்டவை.

கிரெய்க் பேப்பரில "பெட்டி அனுப்புற பகுதிக்குக் கிளார்க் தேவை" எண்டு ரெண்டு வரி போட, இவர் பதினொரு பக்கத்தில விண்ணப்பம் அனுப்பினார். முதல் பக்கத்தில மதுவரி எண்ட சொல்லைக் கண்ட உடன கிரெய்க் துள்ளினான். மது விக்கிறவனுக்கு லைசென்ஸ் பாக்கிற ஆக்கள் எண்டா நடுக்கம். அப்பிடி ஒரு ஆளைச் சம்பளத்துக்கே வைச்சிருந்தா நிம்மதியா நித்திரை கொள்ளலாம் எண்டு நினைச்சிருப்பான், பாவி.

அண்ணை வீடு எடுத்தது நியூ லின்னில. வேலைக்கு ரெண்டு பஸ் மாறி வரவேணும். ஏன் இவ்வளவு தூரம் எண்டு கேட்டன்.

"பிள்ளை, அங்க சூப்பர்மார்க்கெட்டில வைன் விக்கேலாது. அந்தப் பகுதியில மது விக்கிற உரிமை சனம் வோட்டுப் போட்டு வைச்ச டிரஸ்டுக்கு மட்டும்தான். ஒழுங்கான ஊர்" எண்டார்.

மற்றச் சனம் பள்ளிக்கூடம் பாத்து வீடு எடுக்கும், ரெயில் ஸ்ரேசன் பாத்து வீடு எடுக்கும். இந்த மனிசன் மதுச் சட்டம் பாத்து வீடு எடுத்தவர்.

அவற்ற மேசையைத் தாண்டாமல் ஒரு பெட்டியும் வெளியில போகாது. ஒருக்கா கிரெய்க்கின்ர மாமி, எழுபத்தொரு வயசு மனிசி, பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி ஓடர் பண்ணினா. கூப்பனில வயசை உறுதிப்படுத்துற இடத்தில கையெழுத்து வைக்க மறந்திட்டா. பெட்டி போகேல்ல, கடிதம்தான் போனது. மது வாங்கும் வயதைத் தாங்கள் அடைந்துவிட்டீர்கள் என்பதற்கான அத்தாட்சியைத் தயவுசெய்து அனுப்பிவைக்கவும் எண்டு. மனிசிக்குச் சந்தோசம் தாங்கேல்ல, கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹோலில மாட்டினவவாம். கிரெய்க்கும் விழுந்து விழுந்து சிரிச்சான். அந்த நேரம் அவனுக்குச் சிரிக்க ஏலுமா இருந்தது.

96இல கிரெய்க்குக்கு அமெரிக்க ஆசை வந்தது. மேற்கு ஒக்லண்டு வைன் தோட்டங்களுக்கு பஸ்ஸில வாற அமெரிக்கக் கிழடுகள் வைன் ருசி பாத்து மயங்கி, "இதை எங்கட வீட்ட அனுப்ப ஏலுமோ" எண்டு கேக்கிறவை. ஏன் ஏலாது? பெட்டியில போடு, லேபிள் ஒட்டு, ஏத்து. கிரெய்க்கின்ர மூளை அவ்வளவுதான் ஓடும். தியாகலிங்கம் அண்ணைக்கு ஆனா ஒரு சந்தேகம் வந்திட்டுது. சந்தேகம் வந்தா அவர் செய்யிறது ஒரே ஒரு வேலை, ஆரிட்டயாவது எழுத்தில கேக்கிறது.

"அமெரிக்கா ஒரு நாடில்லை, பிள்ளை. மது விசயத்தில அது ஐம்பது நாடு" எண்டு சொல்லிப்போட்டு, ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது கடிதம் எழுதினார். கையால! ஒவ்வொண்டுக்கும் இலக்கம், திகதி, காபன் கொப்பி. இங்கிலீசிலதான் எழுதினவர், ஆனா வெள்ளைக்காரன் கொழும்பில விட்டிட்டுப் போன இங்கிலீஸ் அது. தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கும் பேறு பெற்றேன் எண்டு தொடங்கி, தங்கள் கீழ்ப்படிவுள்ள சேவகன் எண்டு முடியும். அமெரிக்கன் அதை வாசிச்சுப்போட்டு என்ன நினைச்சானோ, முக்கால்வாசிப் பேர் பதில் போட்டவை. அதை வைச்சுக்கொண்டு பெரிய அட்டையில அமெரிக்கப் படம் ஒண்டு கீறி, தன்ர கதிரைக்குப் பின்னால மாட்டினார். பச்சை எண்டா அனுப்பலாம். மஞ்சள் எண்டா முதல் அனுமதி எடுக்கவேணும். சிவப்பு எண்டா தொடவே கூடாது.

ஃபுளோரிடா நல்ல சிவப்பு. 97இல அங்க சட்டத்தை இன்னும் இறுக்கி, வெளியில இருந்து நேர ஆளின்ர வீட்டுக்கு மது அனுப்பினா பிடிச்சு மறியலில பூட்டி வைக்கிற அளவுக்குக் குற்றம் எண்டு வைச்சிட்டினம். முதல் அங்கத்தைய மொத்த வியாபாரிட்டப் போகவேணும், பிறகு கடைக்கு, அதுக்குப் பிறகுதான் வீட்டுக்கு.

"கண்டறியாத சட்டம்!" எண்டன் நான். "குடிக்கிறவன் எப்பிடியும் குடிக்கத்தானே போறான். வியாபாரிமாரின்ர வயிறு நிரம்பவேணும் எண்டதுக்கு ஒரு சட்டமோ?"

"அது சட்டம் போட்டவையின்ர பாடு, பிள்ளை. எங்கட பாடு வாசிச்சு நடக்கிறது" எண்டார். கன்னத்தில ரெண்டு குடுக்கலாம் போல இருக்கும், அந்த முகத்தைப் பாத்தா.

இவ்வளவு சட்டம் வாசிக்கிற மனிசனுக்குச் சொந்த வீட்டில ஒரு சட்டம் கழுத்தில கத்தி வைச்சுக்கொண்டு நிண்டது. மனிசி அன்னபாக்கியமும் மகள் கஜானியும் யாழ்ப்பாணத்தில இருந்து இடம்பெயர்ந்து வந்து, வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில ஒற்றை அறையில இருந்தவை. அந்தக் காலத்தில கொழும்பு லொட்ஜில தமிழ்ப் பொம்பிளைப் பிள்ளையை வைச்சுக்கொண்டு இருக்கிறது என்னெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ராவில கதவில தட்டுக் கேட்டா அது பொலிஸ், பதில் பிடிக்காட்டி ஏத்திக்கொண்டு போயிடும். இவையளை இஞ்ச எடுக்கிறதுக்கு அண்ணை விண்ணப்பம் போட்டிருந்தார். எல்லாக் கடதாசியும் சரி, ஒண்டுதான் குறை. இவருக்கு இருக்கிறது நிரந்தர வேலை எண்டு முதலாளி எழுதின கடிதம் வேணுமெண்டு இமிகிரேசன் கேட்டது.

அதுக்குக் காலக்கெடுவும் இருந்தது. 98 மே பதினாலாம் திகதி கஜானிக்கு இருபது முடியுது. அதுக்குள்ள ஃபைல் முடியாட்டி அவ தனி ஆள், தேப்பன்ர விண்ணப்பத்தில வரேலாது. தனியாப் போட்டுப் பாக்கலாம் எண்டு கடிதத்தில எழுதியிருந்தவை. தனியாப் போட்டா வராது எண்டு எங்கட சனத்துக்கு ஆரும் சொல்லித்தர வேண்டாம். அண்ணை அந்தத் திகதியை ஒருநாளும் வாயால சொல்லமாட்டார். ஒஃபிஸ் சுவரில தொங்கின ரெண்டு வருசக் கலண்டரில மட்டும் பென்சிலால ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தவர்.

கடிதம் கேட்டு கிரெய்க்கிட்ட எழுத்தில மூண்டு தரம் விண்ணப்பிச்சார். பத்தடி தூரத்தில இருக்கிற ஆளுக்கு! கிரெய்க்கின்ர மேசையில ஒரு தட்டு இருந்தது, வாற கடதாசி எல்லாம் அதுக்குள்ளதான் விழும். ஒரு கடதாசியையும் அவன் அதுக்குள்ள இருந்து எடுத்ததை நான் காணேல்ல. நேர கேட்டா, "நெக்ஸ்ட் வீக், மேட்" எண்டு முதுகில தட்டுவான்.

97 செப்டெம்பரில ஃபுளோரிடாவில இருந்து சுற்றுலா வந்த ஓய்வுபெற்ற ஆக்களின்ர கிளப் ஒண்டு பஸ்ஸில வந்து இறங்கினது. நாப்பது பேர். நாப்பது பேரும் ஆளுக்கு ஒரு பெட்டி சிவப்பு வைன் தங்கட வீட்டு விலாசத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் குடுத்திட்டுப் போட்டினம். கிரெய்க்கின்ர கால் நிலத்தில நிக்கேல்ல. அண்ணை நாப்பது கூப்பனையும் அடுக்கி, சிவப்பு மையால கோடு போட்டு, திருப்பி அவன்ர மேசையில கொண்டுபோய் வைச்சார்.

"தியா, நான் ஒரு வழி சொல்லுறன்" எண்டான் கிரெய்க். "பெட்டிக்கு மேல வைன் எண்டு எழுதாதை. ஒலிவ் ஒயில் எண்டு எழுது. எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்."

"சேர், அதுக்குள்ள இருக்கிறது வைன்."

"எனக்குத் தெரியும் வைன் எண்டு! வெளியில ஒலிவ் ஒயில் எண்டு எழுது, அவ்வளவுதான்."

"அப்ப உள்ள இருக்கிறதை மாத்தவேணும், சேர்."

கிரெய்க்கின்ர முகம் சிவந்தது. அண்டைக்குத்தான் அவன் சிரிக்காமல் கதைச்சதை நான் முதல்முதலாக் கேட்டனான். "உனக்கு ஒரு கடிதம் வேணுமெல்லோ? இந்த நாப்பது பெட்டியும் போனால் கடிதம் வரும். போகாட்டி, உன்ர வேலை நிரந்தரம் எண்டு நான் எப்பிடி எழுதிறது?"

மத்தியானம் சாப்பாட்டு நேரம் பிடிச்சன் மனிசனை.

"அண்ணை, உங்களுக்கு விசரே? ஆற்றையோ பாஸ்போட்டில வந்தனீங்கள், பெட்டியில ஒரு பொய் எழுதிறதுக்கு என்ன நோகுது?"

"பிள்ளை, நான் எயார்ப்போட்டிலேயே சொல்லிட்டனெல்லோ."

"மனிசியும் பிள்ளையும் லொட்ஜில கிடந்து சாகுதுகள். நாப்பது கிழடுகள் வைன் குடிச்சா உலகம் அழிஞ்சு போயிடுமோ?"

புட்டைப் பிசைஞ்சு முடிச்சார். பேந்து சொன்னார்: "முதலாளி செய் எண்டுறார், சட்டம் செய்யாதை எண்டுது. ரெண்டு மேலதிகாரி முரண்பட்டா, அதுக்கு மேல உள்ளவருக்கு எழுதி விளக்கம் கேக்கவேணும். அதுதான் முறை."

மடு மாதாவே! அண்டு பின்னேரமே எழுதினார். ஃபுளோரிடா மதுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு. அந்தக் காபன் கொப்பியை நான் என்ர கண்ணால வாசிச்சனான். தங்கள் மாநிலத்தைச் சேர்ந்த நாற்பது முதிய பெருமக்கள் ஆளுக்கு ஒரு பெட்டி வைன் கேட்டுள்ளனர். அதனை ஒலிவ எண்ணெய் எனக் குறிப்பிட்டு அனுப்புமாறு எனக்குப் பணிக்கப்பட்டுள்ளது. இவ்வாறு செய்வது தங்கள் சட்டத்துக்கு உடன்பாடானதா என்பதை அறியத்தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. "அண்ணை, களவெடுக்கலாமோ எண்டு பொலிசுக்குக் கடிதம் போட்டுக் கேக்கிறியளே!"

"கேக்கிறதில என்ன பிழை, பிள்ளை? ஏலாது எண்டா ஏலாது எண்டு எழுதுவினம். அதைக் காட்டி முதலாளிக்கு விளங்கப்படுத்தலாம்." அரசாங்க ஒஃபிசில இருபத்திரண்டு வருசம் ஊறின மனிசனுக்கு மட்டும்தான் இப்பிடி ஒரு மூளை இருக்கும். ஒரு கொப்பியைக் கிரெய்க்கின்ர தட்டிலயும் வைச்சார். கிரெய்க் அதுக்கு மேல கோப்பிக் கப்பை வைச்சான்.

நான் கிரெய்க்குக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்ல. உந்தப் பேய்க்கடிதத்தை அங்க ஆர் வாசிக்கப்போறான் எண்டு நினைச்சன்.

அடுத்த கிழமை அண்ணை பல்லுப் பிடுங்க ஒருநாள் லீவு. காலமை கிரெய்க் என்ர மேசைக்கு வந்து, நாப்பது லேபிள் அடி எண்டான். பொருள், ஒலிவ் ஒயில். அனுப்புநர், ரி. தியாகலிங்கம்.

"ஏன் அவற்ற பேர்?"

"அவன்தானே அனுப்புற கிளார்க். எல்லாப் படிவத்திலயும் அவன்ர பேர்தானே இருக்கு. அடி, றோஸ்."

அடிச்சன். ஓம், நான்தான் அடிச்சன், இந்த ரெண்டு கையாலயும். நாப்பது தரம் அவற்ற பேர். அப்ப நான் என்ன நினைச்சன் தெரியுமோ? பெட்டி போகும், கிரெய்க் கடிதம் குடுப்பான், அந்தப் பிள்ளை வந்து சேரும். இந்த மனிசன்ர விசருக்கு நான் மருந்து செய்யிறன் எண்டு நினைச்சன். பெருமைகூடப் பட்டன்.

மற்ற நாள் வீங்கின கன்னத்தோட வந்து, கூப்பனுகள் எங்க எண்டு கேட்டார்.

"ஓடர் கான்சல், அண்ணை" எண்டன். முகத்தைப் பாத்துத்தான் சொன்னன்.

வெள்ளிக்கிழமை கிரெய்க் கடிதத்தைக் குடுத்தான். நல்ல கடதாசியில, நிரந்தர வேலை, பொறுப்பான ஊழியர் எண்டெல்லாம் எழுதி. அண்ணை அதுக்கும் ஒரு இலக்கம் போட்டு ஃபைலுக்குள்ள வைச்சார். "பாத்தீரே பிள்ளை, பொறுமையா இருந்தா முதலாளிமாருக்கும் விளங்கும்" எண்டார். திங்கக்கிழமை அந்த வீங்கின கன்னத்தோடயே ரவை கேசரி கிண்டிக்கொண்டு வந்து எல்லாருக்கும் குடுத்தார். எனக்கு ரெண்டு துண்டு. நான் திண்டன்.

நவம்பரில ஃபக்ஸ் வந்தது. ஃபுளோரிடாவில இருந்து, அவற்ற பேருக்கு. உங்கள் கடிதத்துக்கு நன்றி. நீங்கள் குறிப்பிட்ட வகையில் அனுப்ப முடியாது. உங்கள் கடிதத்தின் பின்னர் துறைமுகத்தில் கவனித்ததில் ஒலிவ எண்ணெய் எனக் குறிப்பிட்ட நாற்பது பெட்டி வைன் பிடிபட்டுள்ளது. அனுப்புநராக உங்கள் பெயரே உள்ளது. உங்கள் நாட்டுச் சுங்கத்துக்கும் அறிவித்துள்ளோம்.

மூண்டு தரம் வாசிச்சார். எழும்பி வந்து என்ர மேசையில ஃபக்ஸை வைச்சிட்டு, என்ர கொம்பியூட்டரைப் பாத்தார். பேந்து என்னைப் பாத்தார். நான் ரெலிபோனை எடுத்து, அடிக்காத ரெலிபோனில கதைச்சன்.

ரெண்டு நாளில சுங்கத்தில இருந்து ஒரு ஒஃபிசர் வந்தார். மரியாதையான மனிசன். கிரெய்க்கின்ர அறையில நாலு பேரும் இருந்தம். கிரெய்க் கையை விரிச்சான். தனக்கு ஒண்டும் தெரியாதாம், அனுப்புற வேலை முழுக்கத் தியாவின்ர பொறுப்பாம். அண்ணை தன்ர ஃபைலைத் திறந்து காபன் கொப்பியளை ஒவ்வொண்டா எடுத்து வைச்சார். ஒஃபிசர் கேட்டார், "அப்ப இந்த லேபிளை அடிச்சது ஆர்?"

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நம்பிக்கை இருந்தது பாருங்கோ. எண்டாலும் தமிழர் ரெண்டு பேர். ரெண்டு வருசமா ஒண்டா ரீ குடிச்சனாங்கள். மழை எண்டா பஸ் ஹோல்ட்டில இறக்கி விட்டனான். தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொன்னா போதும்.

"றோஸ்மேரி அடிச்சவ, சேர்" எண்டார். "முதலாளி சொல்லாமல் அடிச்சிருக்க மாட்டா. நான் அண்டைக்கு லீவு."

ஒரு மூச்சில என்னைக் குடுத்திட்டார்! ஒரு தயக்கம் இல்லை, ஒரு கண்சாடை இல்லை. ஒஃபிசர் என்ர பக்கம் திரும்பினார்: "முதலாளி சொல்லித்தான் அடிச்சனீங்களோ?"

கிரெய்க் ஜன்னலைப் பாத்துக்கொண்டு நிண்டான். ஓம் எண்டா எனக்கு வேலை போகும், வீட்டு மோட்கேஜ் கட்டேலாது. இல்லை எண்டா அண்ணை மறியலுக்குப் போவார். நீங்களெண்டா என்ன சொல்லியிருப்பியள்? வாயால வீரம் கதைக்காதேங்கோ, அந்தக் கதிரையில இருந்து பாருங்கோ.

"எனக்கு ஞாபகமில்லை" எண்டன்.

என்ர வேலை தப்பினது. அண்ணையைக் கிரெய்க் அண்டைக்கே வீட்ட அனுப்பிட்டான். விசாரணை முடியுமட்டும் ஃபைலைத் தொடமாட்டம் எண்டு இமிகிரேசன் கடிதம் போட்டது. சுங்கத்துக்கு வேற ஆயிரம் வேலை. ஆருக்கும் ஞாபகமில்லாத நாப்பது பெட்டிக்காக ஆர் ஓடித்திரியப் போறான்? டிசம்பர் போச்சு, ஜனவரி போச்சு, தைப்பூசம் போச்சு, ஈஸ்டர் போச்சு. அவற்ற மேசையில வேற ஒரு பெடிச்சி இருந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் அவரில கோவமாத்தான் இருந்தன். ஆரைக் கண்டாலும், "காட்டிக்குடுத்த மனிசன்" எண்டு சொல்லித் திரிஞ்சன். ஒருநாள் அந்தக் கலண்டரைக் கழட்டிக் குப்பையில போட்டன். மே மாசம் வந்ததும் எனக்குத் தெரியும், பதினாலாம் திகதி போனதும் தெரியும். தெரியாது எண்டு இப்ப பொய் சொல்லமாட்டன்.

ஜூனில கிரெய்க்குக்கு ஓடர் குறைஞ்சது. ஒரு செவ்வாய்க்கிழமை காலமை என்னைக் கூப்பிட்டு, "சொரி றோஸ், உன்னை வைச்சிருக்க ஏலாது" எண்டான். அந்தக் குறுக்கால போவான் பத்து நிமிசம் கதைச்சு முடிச்சிட்டான். நான் காரில ஏறி இருந்தன். என்ன ஆச்சரியம் பாருங்கோ, எல்லாம் வடிவா ஞாபகம் வந்திட்டுது! எந்த நாள், எத்தினை மணி, அவன் எந்தச் சேட்டுப் போட்டிருந்தவன், என்ன சொல்லு சொன்னவன். நேர சுங்கத்துக்குப் போய் எல்லாத்தையும் சொன்னன். ஒரு மணித்தியாலம் எழுதினவை. மூண்டு கிழமையில தியாகலிங்கம் அண்ணையில குற்றமில்லை எண்டு எழுத்தில வந்தது. கிரெய்க்குக்குத் தண்டம். வைன் கிளப்பும் பூட்டிட்டுது.

நான் நல்லது செய்திட்டன் எண்டு நினைச்சன். மனிசன் எனக்கு ஒரு நன்றி சொல்லேல்ல எண்டு பேந்தும் கோவிச்சன். அப்பிடிப்பட்டவள் நான்.

98 டிசம்பரில மகளையும் கூட்டிக்கொண்டு நியூ லின் மோலுக்குச் சாமான் வாங்கப் போனன். அங்க தியாகலிங்கம் அண்ணை நிக்கிறார், மெலிஞ்சு, தலை முழுக்க நரைச்சு. பக்கத்தில சீலை உடுத்து, அதுக்கு மேல பெரிய கம்பளிச் சட்டை போட்ட ஒரு மனிசி. கோடை காலத்தில கம்பளிச் சட்டை. புதுசா வந்தவ எண்டு பாத்த உடன விளங்கிச்சு. ஒளிச்சிடலாம் எண்டுதான் முதல் யோசிச்சன், அதுக்குள்ள அவர் கண்டிட்டார்.

"வாரும் பிள்ளை" எண்டார், ஒண்டும் நடக்காத மாதிரி. "எல்லர்ஸ்லியில ஒரு ஒஃபிசில வேலை கிடைச்சிருக்கு. இவ வந்து ரெண்டு கிழமை."

"மகள்?" எண்டு கேட்டன். வாயில இருந்து வந்திட்டுது.

"இருபது முடிஞ்சுதெல்லோ. மனிசிக்கு மட்டும் தந்தவை. பிள்ளை லொட்ஜில தனிய நிக்குது" எண்டார். குரலில ஒரு குற்றம் சாட்டுறதும் இல்லை. அதை விட அவர் என்னை அடிச்சிருக்கலாம்.

எனக்கு வெக்கமும் கோவமும் ஒண்டா ஏறினது. "ஏன் அண்ணை அண்டைக்கு என்ர பேரைச் சொன்னனீங்கள்? தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே?"

"நான் உம்மட பேரை ஒருக்காத்தான் சொன்னனான், பிள்ளை. அதுவும் உமக்கு முன்னால, நீர் இருக்கத்தக்கனச் சொன்னனான்." பேந்து மனிசியின்ர பக்கம் திரும்பி, "இவதான் றோஸ்மேரி" எண்டார்.

அன்னபாக்கியம் அக்காவுக்கு எல்லாம் தெரியும் எண்டு அந்தப் பார்வையில விளங்கினது. அந்த மனிசன் ஒண்டை மறைக்கிறவரே? ஏசுவா, மோலுக்குள்ள வைச்சுக் கத்துவா எண்டு நிண்டன். கத்தியிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

அந்த நேரம் பாத்து என்ர மகள் ஓடிவந்து என்ர கையைப் பிடிச்சு இழுத்தாள். "மம், கேன் வீ கோ நவ்?"

அக்கா குனிஞ்சு அவளைப் பாத்தா. தலையைத் தடவினா.

"உங்கட பிள்ளையே?"

"ஓம் அக்கா. றோஷினி."

"எத்தினை வயசு?"

"பதினொண்டு."

"நல்லது" எண்டா அக்கா. "இருபதுக்கு இன்னும் ஒம்பது வருசம் இருக்கு."